ஊசிமீன் சோடி

கடலில் இப்படி ஒரு பிராணி இருக்கிறது என்றால் காரைக்காலில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மிச்சப் பாதிப் பேர் வலையை உதறும்போது அதைப் பாசியோடு பாசியாக மணலில் எறிந்திருப்பார்கள். ஒரு சாண் நீளம்கூட வராது. பென்சில் கனம். முகம் நீண்டு ஒரு குழாயாகி, அதன் நுனியில் இருக்கும் துளைதான் வாய். செதில் கிடையாது. கழுத்திலிருந்து வால்வரை வளையம் வளையமாக எலும்புச் சட்டை போட்டிருக்கும். உள்ளே இருக்கும் சதை ஒரு பூனைக்குக்கூடக் காணாது. இதற்குக் காரைக்கால்காரன் வைத்த பெயர் ஊசிமீன். சைகோனில், சோலோன் என்கிற சீனர் பேட்டையின் மருந்துக்கடைக்காரர்களும் வியட்நாமியர்களும் வைத்த பெயர் ஹாய் லோங். கடல் டிராகன், கடல் நாகம் என்று அர்த்தம். இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தாஜுதீன் குடும்பம் பட்ட பாட்டை நான் அதே தெருவில் குடியிருந்து பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சைகோனில் டோங் டூ தெருப் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில், காரைக்காலிலிருந்து வந்து இந்தச் சரக்கை விற்றுவந்த தாஜுதீனும் அவர் மனைவி பரிதாவும் இருந்தார்கள். கீழே அபுல் ஹசனின் துணிக்கடை. மேலே மொட்டைமாடி முழுக்க மூங்கில் தட்டுகள். ஹா தியென் கடற்கரையிலிருந்து பஸ் கூரையில் ஊசிமீன் மூட்டை வரும். அனுப்புகிறவள் அங்கே ஒரு மீனவப் பெண். அந்த நாட்டில் வீட்டுப் பிள்ளைகளை எண்ணைச் சொல்லியே கூப்பிடுவார்கள். இவள் பெயர் 'சாவ்', அதாவது ஆறு. விடிந்ததும் விடியாததுமாக அந்தப் பெயரைத் தமிழ் வாயால் சொல்லிக் கூப்பிட முடியுமா? பரிதா அவளை 'ஆறாங்காரி' ஆக்கிவிட்டாள்.

மூட்டை வந்ததும் உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசித் தட்டில் பரப்ப வேண்டும். பாதி காய்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் நீவி நிமிர்த்த வேண்டும். முழுக்கக் காயவிட்டு நிமிர்த்தினால் ஒடிந்துபோகும். மழைக்காலத்தில் இது பெரிய சள்ளை. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், மத்தியானம் சொல்லிவைத்ததுபோல மழை வரும். பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது பரிதா வானத்தைப் பார்ப்பாள். தொழுகைக்குப் பாயை விரிப்பதற்கு முன்னால் தட்டுகளைத் தகரத்துக்கு அடியில் இழுத்துவிடுவாள்.

சோடி சேர்ப்பதுதான் அந்த வேலையின் உயிர். ஆணும் பெண்ணுமாகப் பார்த்துச் சிவப்பு நூலில் கட்டினால்தான் சோலோனில் அது மருந்து. இரண்டு ஆணைக் கட்டினால் வெறும் குச்சி. இடுப்பு வலிக்கும் முழங்கால் பிடிப்புக்கும் சோடியாகத்தான் கஷாயத்தில் போடுவார்களாம். பரிதா கண்ணால் பார்த்துப் பிரிக்க மாட்டாள். கட்டைவிரலை வாலின் அடிப்பக்கம் ஓட்டுவாள். நீளவாக்கில் இரண்டு மடிப்புத் தட்டுப்பட்டால் அது ஆண்.

ஆமாம், ஆண்தான். பெண் முட்டையை ஆணின் மடியில் வைத்துவிட்டுப் போய்விடும். அவன்தான் இரண்டு மூன்று வாரம் சுமக்கிறான். சுமந்து, உடம்பை முறுக்கி முறுக்கி, நூல் துண்டு போலக் குஞ்சுகளை வெளியே தள்ளுகிறான். ஒருமுறை தாஜுதீனுக்குக் காய்ச்சல் என்று பரிதாவே ஹா தியெனுக்குப் போனாள். ஆறாங்காரி அவளை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிக் கடல்புல்லைக் காட்டினாள். வயல் மாதிரி புல். "எங்கேடி?" என்று இவள் கேட்கிறாள், "உன் கைக்குப் பக்கத்தில்தான்" என்கிறாள் அவள். வெகுநேரம் கழித்துத்தான் ஒரு புல் மட்டும் கண்ணை உருட்டுவது தெரிந்தது. வலது கண் ஒரு பக்கம் பார்க்கிறது, இடது கண் வேறு பக்கம். தலை மேலே, வால் கீழே, செங்குத்தாக நின்று, அலை வந்து புல் சாய்ந்தால் அதுவும் சாய்கிறது. புல் நிமிர்ந்தால் நிமிர்கிறது. முதுகில் ஒரு சின்னத் துடுப்பு மட்டும் விடாமல் படபடக்கிறது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு இறால்குஞ்சு வந்ததும், தலையை வெடுக்கென்று தூக்கி, குழாயால் உறிஞ்சிவிட்டு மறுபடியும் புல்லாகிவிட்டது. சண்டைக்குப் போகாது, ஓடி ஒளியாது. நிற்கிற இடத்து நிறத்தை வாங்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து நீ வெளிநாட்டுக்காரன் என்று எந்தப் புல்லும் சொன்னதாகத் தெரியவில்லை.

மனிதர்கள் சொன்னார்கள். வருஷம் ஐம்பத்தாறு. ஏப்ரலில் கடைசிப் பிரெஞ்சுச் சிப்பாய்கள் கப்பலேறிப் போனார்கள். செப்டம்பரில் புது அரசாங்கத்தின் உத்தரவு வந்தது: வெளிநாட்டார் பதினோரு தொழில்களைச் செய்யக் கூடாது. மீன், இறைச்சி அதில் ஒன்று. துணியும் ஒன்று. நாடு அவர்களுடையது, கடைத்தெரு தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்ததை நான் குறை சொல்லவில்லை. நூறு வருஷம் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு நின்றவர்கள். ஆனால் யார் வெளிநாட்டார்? காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷமாகியிருந்தது. தாஜுதீன் பிரெஞ்சு அலுவலகத்துக்குப் போனார். "உங்க ஊரை இந்தியாகிட்ட குடுத்தாச்சே" என்றார்கள். இந்திய அலுவலகத்துக்குப் போனார். "பிரெஞ்சுப் பார்லிமெண்டு ஒப்புதல் இன்னும் பாக்கி இருக்கு, இப்போதைக்கு நீ பிரெஞ்சுக்காரன்தான்" என்றார்கள். அவர் எந்த நாட்டுக்காரர் என்று மூன்று அரசாங்கத்துக்கும் தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர் என்பது மட்டும் மூன்றுக்கும் தெரிந்திருந்தது.

ஒரு வழி இருந்தது. மருந்துச் சரக்கு அந்தப் பட்டியலில் இல்லை. சோலோனில் இவர்களிடம் சரக்கு வாங்கும் சீனக் கிழவரே சொல்லியனுப்பினார்: "ஹாய் லோங், மருந்துச் சரக்கு என்று எழுதுங்கள். வேறு ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்."

திங்கட்கிழமை தாஜுதீன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, லைசென்சு அலுவலக வாசலில் டைப் மிஷினோடு உட்கார்ந்திருந்த மனு எழுதுகிறவனிடம் போய்விட்டு வந்தார். பரிதா மாடியில் குந்தி நீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சரக்குண்டு எழுதச் சொன்னிய மச்சான்?"

"உள்ளதைத்தான் சொன்னேன்."

"உள்ளதுண்டா?"

"கா கிம்."

பரிதாவின் கையிலிருந்தது ஒடிந்தது. 'கா' என்றால் மீன். 'கிம்' என்றால் ஊசி. ஊசிமீனை மனுஷன் வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்துக் கொடுத்திருந்தார். அந்தப் பெயரில் வேறொரு மீன் சந்தையில் கூடை கூடையாகக் கிடைக்கும், வறுத்துத் தின்பார்கள். சைகோனில் பிறந்த ஒரு குழந்தைகூட இந்த உலர்ந்த குச்சியைக் கா கிம் என்று சொல்லாது. காரைக்காலில் பிறந்தவருக்குத்தான் அது வாயில் வரும்.

"உங்க கையாலேயே நம்ம வீட்டைப் பூட்டிட்டு வந்திக்கிறிய. மீனுண்டா யாவாரம் போச்சுண்டு ஊரே சொல்லுது. சீனன் படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனானே!"

"சர்க்கார் காகிதத்துல பொய் எழுதச் சொல்றியா புள்ள?"

"எது பொய்? இந்த ஊரு பூரா அப்படித்தானே சொல்லுது!"

"லோங்குண்டா நாகம். நான் நாகமா விக்கிறேன்?"

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லோரும் இருக்கும்போது அபுல் ஹசன் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்: "ஏம்பா தாஜுதீன், லோங்குண்டா பாம்புல்ல? பாம்பு யாவாரத்துக் காசுலயா பள்ளிக்குச் சந்தா குடுக்கிறே?" மனுஷனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. அங்கேயே எழுந்து நின்று, "அல்லா அறிய இது மீன். எங்க ஊரு ஊசிமீன். அறுக்காமத் திங்க ஹலாலான மீன்" என்று சொன்னார். அன்றைக்கு அவர் மானத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு சொல். அன்றிலிருந்து ஹாய் லோங் என்ற பெயரை அவர் வாயால் உச்சரித்ததில்லை. சோலோனில்கூட விரலைக் காட்டித்தான் வியாபாரம் பேசுவார்.

பரிதா விடவில்லை. கீழே இறங்கிப் போய்க் கடை வாசலில் நின்றாள். அவள் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் அபுல் ஹசன் துணிப்பேல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் கடைக்கும் அதே உத்தரவுதான். மூட்டை கட்டுவது என்று முடிவு செய்துவிட்டவர்.

"நானா, அன்னிக்கு நீங்க கேட்ட கேள்விதான் இன்னிக்கு எங்க சோத்துல வந்து விழுந்திக்கிது. வியாழக்கிழமை ஆபீசுக்குச் சரக்கைக் கொண்டாந்து காட்டச் சொல்லிக்கிறாஹ. அங்கயாச்சும் வாயைத் தொறந்து மருந்துண்டு சொல்லச் சொல்லுங்க."

அபுல் ஹசன் மாடிக்கு வந்தார். மூச்சு வாங்கியது. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"தம்பி, நான் அன்னிக்குக் கேட்டது ஹலாலா ஹராமாண்டு. லைசென்சு ஆபீசுக்கா கேட்டேன்?"

"அல்லாவுக்கு ஒரு பேரு, ஆபீசுக்கு ஒரு பேருண்டு சொல்லச் சொல்றியளா நானா?"

"எனக்கு வழி அடைஞ்சு போச்சு. துணியைத் துணியில்லேண்டு சொல்ல முடியாது. உனக்கு ஒரு சந்து இக்கிது. அதுல போயேன்."

"பள்ளியில நின்னு சொன்ன வாயி நானா இது."

"அல்லா உன் வாயைப் பாக்க மாட்டான்பா, நிய்யத்தை, மனசுல உள்ளதைப் பாப்பான்."

தாஜுதீன் தலையைக் குனிந்துகொண்டு நூலைச் சுற்றினார். பரிதாவுக்கு வந்த கோபத்தில் சொன்னாள்: "காரைக்காலுக்குப் போனா அங்கே நமக்கு என்ன இக்கிது மச்சான்? ஓட்டு வீட்டுல உங்க தம்பிமாருக்கே எடம் பத்தலை. ரெண்டு புள்ளையை இந்த மண்ணுலதான் அடக்கிட்டு நிக்கிறோம். போன வருஷம் சோலோன்ல குண்டு போட்டு எரிஞ்சப்பக்கூட நாம போவலை. இப்ப ஒரு சொல்லுக்குப் பயந்து போகணுமா?"

அவர் அடுத்த சோடிக்கு நூலை எடுத்தார். நல்ல மனுஷர்தான். ஒரு ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். நல்ல மனுஷர்களின் பிடிவாதத்தால் வீட்டுப் பெண்கள் படுகிற பாட்டை எந்த அரசாங்கமும் பட்டியல் போட்டதில்லை.

வியாழக்கிழமை பரிதாவும் கூடப் போனாள். அதுவரை அவள் ஒரு அலுவலகப் படி ஏறியதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நல்லதாகப் பார்த்து எடுத்த ஐந்து சோடியை வாழையிலையில் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சிக்லோ ரிக்‌ஷாவில் உட்கார்ந்து போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவன் சின்ன வயசுக்காரன். வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதை. உட்காரச் சொன்னான், தேநீர்கூடக் கொடுத்தான். கத்துகிற அதிகாரியாக இருந்தால் திருப்பிக் கத்திவிட்டு வரலாம். இவனிடம் அதுவும் முடியவில்லை.

இலையைப் பிரித்துப் பார்த்தான். "ஹாய் லோங்" என்று தானாகவே சொன்னான்.

பரிதாவுக்கு உயிர் வந்தது. சந்தை வியட்நாமியத்தில் படபடவென்று சொன்னாள்: "ஆமாங்கையா, ஹாய் லோங்தான். மனுவில தப்பா எழுதிட்டாங்க. இதுக்குச் செதில் இருக்கா பாருங்க. எலும்பு வெளியே இருக்கு. நின்னுக்கிட்டே போகும், புல்லோட புல்லா இருக்கும். ஆம்பளைதான் புள்ளை சுமக்கும். இதைச் சட்டியில போட்டு யாராச்சும் திம்பாங்களா?"

"ஆனா இதுக்குச் செவுள் இருக்கு. துடுப்பு இருக்கு. தண்ணியில வாழுது" என்றான் அவன், பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒப்பிப்பதுபோல. பிறகு தாஜுதீன் பக்கம் திரும்பினான். "மனு உங்க பேருல இருக்கு. நீங்க சொல்லுங்க. உங்க மொழியில இதுக்கு என்ன பேரு?"

பரிதா அவர் முகத்தைப் பார்த்தாள். தாஜுதீன் தொப்பியைச் சரிசெய்தார்.

"ஊசிமீன்."

"மீன் என்றால்?"

"கா."

அதோடு முடிந்தது. அவன் பேனாவை எடுத்தான். பரிதா எழுந்தே விட்டாள்.

"ஐயா, எங்க மொழியில வானத்துல இருக்கிற நட்சத்திரத்துக்கும் மீன்னுதான் பேரு. என் அப்பா கப்பல்ல ஆறாமீனைப் பாத்துத்தான் சுக்கான் பிடிச்சாரு. அதையும் உங்க பட்டியல்ல சேத்துக்குவீங்களா? நாங்க அண்ணாந்து பாக்கவும் லைசென்சு வாங்கணுமா?"

பக்கத்து மேசைக் குமாஸ்தா சிரித்துவிட்டான். அதிகாரியும் லேசாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டே 'கா' என்று எழுதி, அதன்மேல் முத்திரையைக் குத்தினான். வெளிநாட்டார், மீன் வியாபாரம், அனுமதி இல்லை. இன்ன தேதிக்குள் வியாபாரத்தை மூடிவிட வேண்டும். அவ்வளவுதான். பதினெட்டு வருஷ வியாபாரத்தை ஒரு கையளவு காகிதத்தில் முடித்துக் கையில் கொடுத்தான்.

தாஜுதீன் காகிதத்தை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பரிதா இலையை மடித்தாள். அப்போதுதான் அந்த அதிகாரிப் பிள்ளை மேசைக்கு இந்தப் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அம்மா, ஒரு உதவி. என் அப்பாவுக்கு இடுப்பு வலி. எழுந்து நடக்க முடியலை. சோலோன்ல வாங்கினா ரெண்டும் ஒரே இனமாக் கட்டி ஏமாத்திடறாங்க. இதுல ரெண்டு சோடி எனக்குக் குடுத்துட்டுப் போங்க. எது ஆண், எது பெண்ணுன்னு உங்களுக்குத்தான் தெரியுமாமே."

பரிதா அவனைப் பார்த்தாள். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் மீனாக இருந்தது, முத்திரையின் மை காய்வதற்குள், அவன் அப்பாவின் இடுப்புக்கு மருந்தாகிவிட்டது. அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள முடியாமல் அவள் புருஷன் அழிந்துபோனார். இவன் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறான், அதுவும் எவ்வளவு பதவிசாக!

"இது மீன் ஐயா" என்றாள்.

"விலை குடுத்துடறேன்."

"நான் மீன் விக்கக் கூடாது. இப்பத்தானே எழுதிக் குடுத்தீங்க."

"விக்க வேண்டாம். சும்மா குடுங்க."

"மீனைச் சும்மா குடுக்க மாட்டாங்க எங்க வீட்டுல. ஆக்கித் திம்போம்."

அவன் முகம் சிவந்தது. அந்த அப்பாவின் இடுப்பு வலி அவளுக்குத் தெரியாமல் இல்லை. வேறொரு நாளாக இருந்தால் நான்கு சோடியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, எத்தனை நாழி கொதிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்திருப்பாள். அன்றைக்கு அவளால் முடியவில்லை. முடியாததற்காக அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தாஜுதீன் கைகால் அலம்பிக்கொண்டு லுஹர் தொழப் பள்ளிக்குப் போனார். பரிதா அடுப்பைப் பற்றவைத்தாள். தேங்காய் திருகிப் பால் எடுத்தாள். கொத்தமல்லி, மிளகாய், சீரகம் வைத்து அம்மியில் அரைத்தாள். வெங்காயத்தை வதக்கிப் புளியைக் கரைத்து ஊற்றினாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, தட்டுகள் மாடியில் வெறுமனே கிடந்தன. அந்தக் குழம்பு, அதாவது ஆணம், கொதித்து வந்ததும் இலையைப் பிரித்து, ஐந்து சோடியையும் அப்படியே சட்டியில் போட்டாள். சிவப்பு நூலைக்கூட அவிழ்க்கவில்லை.

தாஜுதீன் வந்து பாயில் உட்கார்ந்தார். அவள் சோற்றைப் போட்டு ஆணத்தை ஊற்றினாள். நூலில் கட்டிய ஒரு சோடி சோற்றின்மேல் வந்து விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்ன புள்ள இது?"

"மீன் ஆணம். பிஸ்மி சொல்லித் திங்க."

அவர் நூலை அவிழ்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். வெகுநேரம் கொதித்தும் அது மசியவில்லை. பல்லில் நறநறவென்று அரைபட்டது. வளையம் ஒன்று ஈறில் குத்தி உதட்டோரம் ரத்தம் வந்தது. பதினெட்டு வருஷம் கையால் தொட்டு விற்றதை அன்றைக்குத்தான் முதல்முதலாக வாயில் வைத்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை. கடைசியில் இடது கையை ஏந்தி அதில் உமிழ்ந்தார். உள்ளங்கையில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரிதா" என்றார். "இது மீனில்லே."

அவள் இன்னொரு கரண்டி ஆணத்தை அவர் தட்டில் ஊற்றினாள்.

"இதை அந்த மேசையில சொல்லியிருக்கணும் மச்சான்."